ஈபேயில் பழைய லேப்டாப், போன் வாங்குவது எப்படி? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

படிக்கவோ வேலைக்கோ அமெரிக்கா வந்த முதல் சில மாதங்களில் வாங்க வேண்டியது நிறைய இருக்கும், கையில் காசு இருக்காது. புது லேப்டாப்புக்குக் கொடுக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அதே வேலையைச் செய்யும் பழைய லேப்டாப் ஈபேயில் கிடைக்கும். மூன்று நான்கு வருடம் அலுவலகத்தில் ஓடிவிட்டு மொத்தமாக விற்பனைக்கு வரும் கம்பெனி லேப்டாப்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன. நல்ல பொருள்தான். ஆனால் பூட்டு கழற்றப்படாத போன், தவணை பாக்கியுள்ள போன், வேறு கம்பெனிக்குச் சொந்தமான லேப்டாப் எல்லாமும் அதே பக்கத்தில்தான் விற்பனைக்கு இருக்கும்.

எனக்கும் உறவினர்களுக்கும் வாங்கி, ஒருமுறை பணத்தைத் திரும்ப வாங்கப் படாதபாடு பட்ட பிறகு இதை எழுதுகிறேன். இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள். விற்பவர் என்ன வாக்குக் கொடுத்தாலும் அது ஈபே தளத்துக்குள் எழுத்தில் இருக்க வேண்டும். பொருள் வந்ததும், திருப்பிக் கேட்க ஈபே தரும் 30 நாள் கெடுவுக்குள் அந்த எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். கீழே உள்ள எல்லாமே இந்த இரண்டுக்காகத்தான்.

1. எதை வாங்கக் கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட, இன்டெல் சிப் என்றால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். இதனால் 6, 7ஆம் தலைமுறை லேப்டாப்கள் சல்லிசாக விற்பனைக்கு வந்திருக்கின்றன. தலைப்பில் 'கோர் ஐ7, 16 ஜிபி' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், தலைமுறையைச் சொல்ல மாட்டார்கள். சிப்பின் முழு எண்ணைப் பாருங்கள். ஐ5-7300 என்றால் 7ஆம் தலைமுறை, ஐ5-8350 என்றால் 8, ஐ5-1135 என்றால் 11. எண்ணே போடவில்லை என்றால் கேளுங்கள். சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

மேக்புக் என்றால் எம்1 அல்லது அதற்குப் பிறகு வந்த சிப் உள்ளதாகப் பாருங்கள். இன்டெல் சிப் உள்ள மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் மென்பொருளின் டஹோதான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. விலை குறைவு என்பதற்காக 2018 மேக்புக் வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஐபோனை ஊரில் இருப்பவர்களுக்காக வாங்குவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14லும் அதற்குப் பிந்தையவற்றிலும் சிம் கார்டு போடும் இடமே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் மட்டும்தான். அடிக்கடி சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுப் பழகிய அப்பா அம்மாவுக்கு இது சரிப்படாது. ஐபோன் 13 பாருங்கள்.

பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி மூன்றையும் பழையதாக வாங்கவே வேண்டாம். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் அதில் அதிகம். இவற்றைக் கடையில் புதிதாக வாங்குங்கள்.

2. உண்மையான விலை என்ன என்று பாருங்கள்

தேடினால் வருவது விற்பவர் கேட்கும் விலை. ஜனங்கள் உண்மையில் என்ன கொடுத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால், தேடிய பிறகு ஃபில்டரில் 'சோல்டு ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். கடந்த 90 நாட்களில் விற்றுப்போனவை விலையோடு வரும். அதே மாடல், அதே சிப், அதே நிலையில் உள்ள பத்துப் பதினைந்தைப் பார்த்தாலே ஒரு கணக்குப் பிடிபடும். அந்த விலையைவிட மிகவும் குறைவாக 'பை இட் நவ்' (ஏலமில்லாமல் உடனே வாங்கும் விலை) போட்டிருந்தால் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வரி. பழைய பொருள்தானே என்று மாநில விற்பனை வரி விடாது. ஈபேயே பிடித்துக்கொள்ளும். டல்லாஸில் இருப்பவர் 300 டாலர் லேப்டாப்பை 15 டாலர் ஷிப்பிங்கோடு வாங்கினால் 8.25 சதவீதம் சேர்ந்து ஏறக்குறைய 341 டாலர் ஆகும். நியூ ஜெர்சியில் வரி 6.625 சதவீதம். ஓரிகன், டெலவேர், நியூ ஹாம்ப்ஷயர், மான்டானாவில் மாநில விற்பனை வரியே இல்லை.

சார்ஜர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல லிஸ்டிங்குகளில், அதாவது விற்பனைப் பக்கங்களில், சார்ஜர் இருக்காது. நல்ல சார்ஜருக்குத் தனியாக 25, 30 டாலர் ஆகிவிடும்.

வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால் சுங்க வரியும் உண்டு. 800 டாலர் வரைக்கும் இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நீக்கப்பட்டுவிட்டது. ஜப்பானிலிருந்து பழைய கேமரா வாங்க நினைப்பவர்கள், இறக்குமதி வரி விலையிலேயே சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டும் பக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல்முறை வாங்குபவர்கள் 'யூஎஸ் ஒன்லி' என்ற ஃபில்டரைப் போட்டுக்கொள்வது நல்லது.

3. லிஸ்டிங்கை வரி விடாமல் படியுங்கள்

பிரச்சினை வந்தால் ஈபே பார்க்கப்போவது இந்தப் பக்கத்தைத்தான். அதனால் நிலை என்று போட்டிருப்பதை முதலில் பாருங்கள். 'யூஸ்டு' என்றால் வழக்கமான வேலைகளைச் செய்யும் பொருள் என்று அர்த்தம். வேலை செய்யவில்லை என்றால் நீங்கள் திருப்பிக் கேட்கலாம். 'ஃபார் பார்ட்ஸ் ஆர் நாட் வொர்க்கிங்' என்றால் ஓடாது என்று சொல்லியே விற்கிறார்கள், வாங்கிய பின் ஓடவில்லை என்று புகார் சொல்ல முடியாது. 'ரீஃபர்பிஷ்டு' (சோதித்துச் சரிசெய்து விற்பது) வகைகளில் ஈபேயின் திட்டத்தில் வருபவற்றுக்கு ஒரு வருட அல்லது இரண்டு வருட வாரண்டி இருக்கும். விலை கொஞ்சம் கூடுதல். கணினி பற்றி அதிகம் தெரியாதவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கூடுதலாகக் கொடுக்கும் 40, 50 டாலரில் நிம்மதி கிடைக்கும்.

இந்தச் சொற்கள் எங்கே வந்தாலும் நின்று யோசியுங்கள்: 'அன்டெஸ்டட்', 'ஆஸ் ஈஸ்', 'சார்ஜர் இல்லாததால் சோதிக்க முடியவில்லை', 'பயாஸ் லாக்டு' (கணினியைத் தொடங்கும் அடிப்படை மென்பொருளில் பூட்டு), 'எம்டிஎம்' (கம்பெனியின் நிர்வாகப் பதிவு), 'பேட் இஎஸ்என்' (கறுப்புப் பட்டியலில் உள்ள போன்), 'ரீட் டிஸ்கிரிப்ஷன்'. சார்ஜர் இல்லை என்று சொல்பவர் கடையே நடத்துபவராக இருந்தால், அவரிடம் சார்ஜர் இல்லாமல் இருக்காது. சோதித்துப் பார்த்து, ஓடவில்லை என்று தெரிந்த பிறகுதான் பெரும்பாலும் அப்படி எழுதுகிறார்கள்.

'ரீட் டிஸ்கிரிப்ஷன்' என்று தலைப்பிலேயே இருந்தால், போனின் காலிப் பெட்டியை மட்டும் விற்பவராகவும் இருக்கலாம். கீழே சின்ன எழுத்தில் 'பாக்ஸ் ஒன்லி' என்று இருக்கும்.

படங்கள் அந்தப் பொருளுடையதாக இருக்க வேண்டும். கம்பெனி விளம்பரப் படம் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். திரை எரிகிற நிலையில் ஒரு படம், அடிப்பக்கம் ஒரு படம், ஓரங்கள் ஒரு படம், இவ்வளவாவது வேண்டும்.

4. விற்பவரைப் பாருங்கள்

விற்பவரின் நல்ல ஃபீட்பேக் 99 சதவீதம் என்ற எண் மட்டும் போதாது. ஃபீட்பேக்கைத் திறந்து, கடந்த சில மாதங்களில் என்ன விற்றிருக்கிறார் என்று பாருங்கள். பல வருடங்களாகக் குழந்தைத் துணியும் ஸ்டாம்பும் விற்றுவந்த கணக்கு திடீரென்று இருபது மேக்புக்குகளைப் பாதி விலைக்குப் போட்டால், அந்தக் கணக்கை யாரோ திருடியிருக்கலாம். எதிர்மறையான கருத்துகளை மட்டும் தனியாகப் படியுங்கள். பார்சல் தாமதம் என்று நான்கு பேர் எழுதியிருந்தால் பரவாயில்லை. 'பூட்டியிருந்தது', 'வேறு மாடல் வந்தது' என்று இரண்டு பேர் எழுதியிருந்தாலே போதும், வேறு இடம் பார்க்கலாம்.

ரிட்டர்ன் ஏற்றுக்கொள்பவரா என்பதையும் பாருங்கள். 'நோ ரிட்டர்ன்ஸ்' என்று போட்டிருந்தாலும், பொருள் விவரத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஈபேயின் பணத்திருப்பு உத்தரவாதம் உங்களைக் காப்பாற்றும். ஆனால் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று திருப்பித் தர முடியாது.

5. பூட்டுகளைப் பற்றி எழுத்தில் கேட்டு வாங்குங்கள்

பழைய பொருளில் கீறலைவிட, பேட்டரியைவிட ஆபத்தானது பூட்டுதான். கீறலோடு வேலை செய்யலாம், பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம். பூட்டு இருந்தால் அது பேப்பர் வெயிட்.

போனில் மூன்று விதமான பூட்டுகள் உண்டு. ஒன்று, பழைய சொந்தக்காரரின் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கு. அவர் கழற்றாமல் உங்களால் கழற்ற முடியாது. இரண்டு, சிம் பூட்டு. ஒரு நிறுவனத்தின் சிம்மை மட்டும்தான் ஏற்கும். அமெரிக்க நிறுவனத்தின் பூட்டோடு இந்தியா போனால் அங்கே எந்த சிம்மும் வேலை செய்யாது. மூன்றாவதுதான் கொடுமை: கறுப்புப் பட்டியல். திருடு போன போன்களும் தவணை கட்டாமல் விட்ட போன்களும் இதில் சேரும். இன்றைக்குச் சுத்தமாக இருக்கும் போன், முதல் சொந்தக்காரர் தவணையை நிறுத்திய பிறகு, சில மாதம் கழித்தும் பட்டியலுக்குள் போகலாம். அப்போது உங்கள் 30 நாள் முடிந்திருக்கும். அதனால் தவணை பாக்கி இல்லை என்று விற்பவர் எழுத்தில் சொல்லட்டும். முடிந்தவரை, எந்த நிறுவனத்தின் சிம் பூட்டும் இல்லாமலே விற்கப்பட்ட 'ஃபேக்டரி அன்லாக்டு' போனையே வாங்குங்கள்.

லேப்டாப்பில் பயாஸ் பாஸ்வேர்டு ஒன்று, கம்பெனியின் நிர்வாகப் பதிவு இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்கு வந்தது. மேக்புக் பார்க்கப் புதிதுபோல இருந்தது, திறந்ததும் டெஸ்க்டாப் வந்தது, எல்லாம் ஓடியது. முழுதாக அழித்துவிட்டு வைஃபையில் இணைத்தேன். நாடு, மொழி எல்லாம் கேட்டுவிட்டு அடுத்த திரையில் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று வந்து, எந்தக் கம்பெனியின் கணினி என்று பெயரோடு காட்டியது. விற்பவரிடம் கேட்டால், 'செட்டப் செய்யும்போது மட்டும் வைஃபை போடாதீர்கள், ஒன்றும் ஆகாது' என்று பதில் வந்தது. அடுத்த முறை அழித்தால் மறுபடியும் அது வரும், அந்தக் கம்பெனி நினைத்தால் கணினியைத் தூரத்திலிருந்தே பூட்டவும் முடியும். அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்திருந்ததும், அவருடைய அந்தப் பதில் ஈபே மெசேஜிலேயே இருந்ததும்தான் பணம் திரும்பி வரக் காரணம்.

வாங்கும் முன் ஈபே மெசேஜில் இப்படி ஒரு கேள்வி அனுப்புங்கள்: கணக்குப் பூட்டு, எம்டிஎம், பயாஸ் பாஸ்வேர்டு எதுவும் இல்லையா? முழுதாக அழித்து இணையத்தில் இணைத்துப் பார்த்தீர்களா? பேட்டரியின் ஆரோக்கியம் (பேட்டரி ஹெல்த்) எத்தனை சதவீதம்? ஐஎம்இஐ அல்லது சீரியல் நம்பர் தர முடியுமா? ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி எண். அது கிடைத்தால், சிடிஐஏ என்ற அமெரிக்க செல்போன் நிறுவனங்களின் சங்கம் நடத்தும் 'ஸ்டோலன் போன் செக்கர்' தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். லெனோவோ, ஆப்பிள் தளங்களில் சீரியல் நம்பரைப் போட்டால் என்ன மாடல், வாரண்டி இருக்கிறதா என்று வரும். எண்ணைத் தர மறுப்பவர் எல்லோரும் மோசடிக்காரர் என்று இல்லை, சிலர் பயத்தில் கடைசி இலக்கங்களை மறைப்பார்கள். ஆனால் பூட்டு பற்றிய கேள்விக்கே பதில் வரவில்லை என்றால் அதைத் தொடாதீர்கள்.

6. ஏலம் கேட்கும் முறை

நீங்கள் அதிகபட்சமாக எவ்வளவு கொடுப்பீர்கள் என்று ஒரு தொகை போட்டால் போதும், ஈபே உங்களுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். நீங்கள் 260 போட்டு, அடுத்தவரின் உச்சம் 220 என்றால், அதற்கு ஒரு படி மேலே, 222.50க்கு உங்களுக்கு முடியும். ஒரே தொகையை இருவர் போட்டால் முதலில் போட்டவருக்கே போகும். அதனால் 260 என்று முழு எண்ணாகப் போடாமல் 261.37 என்பதுபோல் போடுங்கள்.

கடைசி நிமிடம் வரை காத்திருந்து, உங்கள் உச்சத்தை ஒரே முறை போடுங்கள். மூன்று நாள் முன்பே போட்டால் மற்றவர்கள் ஒவ்வொரு டாலராக ஏற்றிப் பார்ப்பார்கள். அந்தச் சூட்டில் நாமும் ஏற்றிவிடுவோம். வரியும் ஷிப்பிங்கும் சேர்த்த கணக்கைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். போனால் போகட்டும், அதே மாடல் அடுத்த வாரமும் வரும்.

பிட் (ஏலத் தொகை) போட்டால் அது வாங்குவதாகச் செய்த ஒப்பந்தம். தொகையைத் தவறாக அடித்துவிட்டது போன்ற சில காரணங்களுக்கு மட்டும்தான் திரும்பப் பெற முடியும். ஏலம் முடிவதற்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் போட்ட பிட் என்றால், போட்ட ஒரு மணி நேரத்துக்குள் திரும்பப் பெற வேண்டும். ஜெயித்தால் நான்கு நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும்.

ஏலத்தில் தோற்ற பிறகு 'முதலில் ஜெயித்தவர் வாங்கவில்லை, உங்களுக்கே தருகிறேன்' என்று மின்னஞ்சல் வரலாம். உண்மையான 'செகண்ட் சான்ஸ் ஆஃபர்' ஈபேயின் மெசேஜ் பெட்டிக்குள்ளும் இருக்கும். அங்கே இல்லை என்றால் அது போலி.

7. பணம்

ஈபே பக்கத்தில், கிரெடிட் கார்டில் கட்டுங்கள். வெளியே வாருங்கள், 50 டாலர் குறைக்கிறேன் என்பவரிடம் போகாதீர்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் ஜெல் (Zelle) சேவையில் அனுப்பியது, கிஃப்ட் கார்டு எண் கொடுத்தது, பேபாலில் 'ஃபிரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி' என்று போட்டது எதற்கும் ஈபே பொறுப்பேற்காது. புதிதாக வந்த மாணவர்களிடம் கிரெடிட் கார்டு இருக்காது. டெபிட் கார்டிலும் ஈபேயின் உத்தரவாதம் உண்டு. கார்டு நிறுவனத்திடம் தனியாக முறையிடும் வசதி மட்டும் கிரெடிட் கார்டில் வலுவாக இருக்கும்.

பிட் போடும் முன்பே முகவரியைச் சரிபாருங்கள். வீடு மாறிக்கொண்டே இருக்கும் மாணவர்களுக்கு இது முக்கியம். அபார்ட்மென்ட் வாசலில் பார்சல் வைத்துவிட்டுப் போவார்கள், திருட்டும் நடக்கும். லீசிங் ஆபீஸோ லாக்கரோ இருந்தால் அதைப் போடுங்கள். 750 டாலரும் அதற்கு மேலும் உள்ள பொருளுக்கு விற்பவர் கையெழுத்து வாங்கும் முறையில் அனுப்ப வேண்டும். அன்று யாராவது வீட்டில் இருக்க வேண்டும்.

8. பெட்டி வந்த அன்றே

பிரிக்கும் முன் போனில் வீடியோ ஓட விடுங்கள். பெட்டியின் மேலுள்ள லேபிள், எடை, ஒட்டிய டேப், உள்ளே இருப்பது, சீரியல் நம்பர் எல்லாம் ஒரே வீடியோவில், வெட்டாமல் வர வேண்டும். லிஸ்டிங் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

லேப்டாப் என்றால், டெஸ்க்டாப் வந்ததைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். முழுதாக அழித்து, வைஃபை போட்டு, முதலிலிருந்து செட்டப் செய்யுங்கள். மேக்கில் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' திரை, விண்டோஸில் ஏதோ ஒரு கம்பெனியின் லாகின் பக்கம், இரண்டில் எது வந்தாலும் படம் எடுத்துவிட்டு நிறுத்துங்கள். பயாஸுக்குள் போக முடிகிறதா, பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் புதிதாக இருந்தபோது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டு எண்கள் வரும். மேக்புக்கில் சைக்கிள் கவுன்ட் பாருங்கள், இப்போதுள்ள மாடல்களுக்கு ஆப்பிள் சொல்லும் எல்லை 1000. டிஸ்க்கின் நிலையை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும்.

சார்ஜ் ஏறும்போது யூஎஸ்பி-சி முனையை லேசாக அசைத்துப் பாருங்கள். சார்ஜ் விட்டு விட்டு ஏறினால் போர்ட் தேய்ந்திருக்கிறது. இதை நிறைய பேர் சோதிப்பதில்லை, இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

போனில் *#06# அடித்து வரும் எண்ணும் லிஸ்டிங்கில் சொன்ன எண்ணும் ஒன்றா? ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போனால் 'கேரியர் லாக்' என்ற இடத்தில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருக்க வேண்டும். அதே பக்கத்தில், மாற்றிய பாகம் அசல் இல்லை என்றால் 'அன்நோன் பார்ட்' என்று காட்டும்.

பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜில் போடாதீர்கள். படம் எடுத்துவிட்டு விற்பவரிடம் பேசுங்கள், தபாலில் அனுப்ப முயலாதீர்கள்.

9. சரியில்லை என்றால்

பொருள் வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ஈபேயில் ரிட்டர்ன் கேட்க வேண்டும். காரணம் கேட்கும் இடத்தில், 'விவரத்தோடு ஒத்துப்போகவில்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'மனம் மாறிவிட்டது' என்று போட்டால் திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில் விழும். எழுதும்போது கோபம் வேண்டாம். லிஸ்டிங்கில் இப்படி இருந்தது, வந்தது இப்படி இருக்கிறது, இதோ படம், அவ்வளவுதான்.

விற்பவருக்கு மூன்று வேலை நாட்கள் உண்டு. அதற்குள் தீர்வு வரவில்லை என்றால் 'ஈபே தலையிடட்டும்' என்ற பொத்தானை அழுத்துங்கள், அது தானாக நடக்காது. இந்த இடைவெளியில்தான் 'கேஸை மூடுங்கள், நாளைக்கே பணம் போடுகிறேன்' என்று மெசேஜ் வரும். மூடாதீர்கள். மூடிய கேஸைத் திறக்க முடியாது. கேஸ் நடக்கும்போதே கார்டு நிறுவனத்திலும் புகார் கொடுத்தால் ஈபே தன் பக்கத்தை மூடிவிடும், அதனால் ஒன்று முடிந்த பிறகே மற்றது.

ஈபே கொடுக்கும் லேபிளிலேயே திருப்பி அனுப்பி, தபால் கவுன்டரில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அது விற்பவர் கைக்குப் போய் இரண்டு வேலை நாட்களுக்குள் அவர் பணம் தர வேண்டும், கார்டில் ஏற இன்னும் சில நாட்கள் ஆகும்.

டிராக்கிங்கில் 'டெலிவர்டு' என்று வந்து கையில் எதுவும் வரவில்லை என்றால், உடனே உங்கள் ஏரியா தபால் நிலையத்துக்கு நேரில் போங்கள். அதே ஊரில் வேறொரு முகவரிக்குக் காலிக் கவரை அனுப்பி டிராக்கிங்கை 'டெலிவர்டு' ஆக்கும் மோசடி உண்டு. எந்த முகவரிக்கு, எத்தனை அவுன்ஸ் எடையில் வந்தது என்று கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று எழுத்தில் கிடைத்தால் கேஸோடு சேருங்கள்.

10. ஊருக்குக் கொடுத்தனுப்பும் முன்

அடுத்த வாரம் யாரோ சென்னை போகிறார், அவரிடம் கொடுத்துவிடலாம் என்று, வந்த பெட்டியைப் பிரிக்காமலே கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் வந்த முகவரியிலிருந்து வேறு இடத்துக்கு அனுப்பிய பொருளுக்கு ஈபேயின் உத்தரவாதம் கிடையாது. அதனால் பயணத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே வாங்கி, எல்லாச் சோதனையும் முடித்து, சில நாள் நீங்களே ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஈபே ரசீதின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். இந்தியச் சுங்கத்தில் 18 வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பை வரியின்றிக் கொண்டுபோகலாம். கொண்டுபோகிறவர் தன்னுடைய லேப்டாப்பையும் எடுத்துப்போகிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.